கோடு பார்த்து விற்ற பூண்டு

பங்குச் சந்தை வரைபடங்களைப் பார்க்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. கொடைக்கானலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. மேஜை டிராயரைப் பாதி திறந்து வைத்து, உள்ளே போனில் பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விலை விழுந்து எழுகிற இடங்களைச் சேர்த்து அடியில் ஒரு கோடு. முட்டித் திரும்புகிற இடங்களைச் சேர்த்து மேலே ஒரு கோடு. இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் கண் கெட்டதுதான் மிச்சம். சம்பாதித்ததைச் சொன்னால் நீங்களே எனக்கு ஒரு டீ வாங்கித் தருவீர்கள்.

ஆனால் பூம்பாறையில் இருக்கும் அக்கா அப்படி நினைக்கவில்லை. விலை ஏறுவது தம்பிக்கு முன்கூட்டியே தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மறுத்துப் பார்த்தேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

போன வருடம் பூண்டு அறுவடை முடிந்ததும் அக்கா போன் செய்தாள். வியாபாரி வந்திருக்கிறார், கொடுக்கவா வேண்டாமா என்று கேட்டாள். அவள் மகளை நர்சிங்கில் சேர்க்க வைத்திருந்த பூண்டு அது. சந்தையின் பழைய விலைகளை விசாரித்து வாங்கி, பங்குக்குப் போடுவது போலவே படம் போட்டேன். விலை அடிக்கோட்டில் கிடந்தது. இனி மேலேதான் போகும், பொறுங்கள் என்றேன்.

பூண்டைக் கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் விற்று முடித்தார்கள். நான் வாரா வாரம் படத்தைப் பார்த்தேன். பூண்டை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

கோடு பொய் சொல்லவில்லை. கல்லூரியில் பணம் கட்டுகிற நேரத்துக்குச் சரியாக விலை ஏறியது. வியாபாரி வந்த அன்று லீவு போட்டுவிட்டு நானும் போனேன், பெருமைப்படத்தான். அவர் கட்டுகளை அவிழ்த்து ஒவ்வொன்றாக விரலால் அமுக்கினார். முளைவிட்டதும் உள்ளே சுருங்கிப்போனதுமாக ஒதுக்கிக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் ஒதுங்கியது. மீதிக்கு நான் சொன்னபடி ஏறிய விலையையே தந்தார். பீஸுக்கு அது பற்றவில்லை. கடன் கேட்ட இடத்திலும் பணம் புரளவில்லை. என் பணமோ கோடுகளுக்கு நடுவில் மாட்டிக் கிடந்தது.

பங்கு எத்தனை வருடம் கிடந்தாலும் முளைவிடாது. இதுகூட எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வியாபாரி ஒதுக்கிய பூண்டை அக்கா கூடையில் அள்ளினாள்.

"ஊர்ல ஒருத்தருக்கும் இந்த வெல கெடைக்கல தம்பி. அடுத்த தடவையும் நீயே பாத்துச் சொல்லு" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் மகள் இப்போது ஏரிப் பக்கம் ஒரு சாக்லேட் கடையில் வேலை பார்க்கிறாள். சீசனில் உட்காரவும் நேரமிருக்காது. நான் வீட்டுக்குப் போகிற வழி அதுதான். நேற்று என்னைப் பார்த்ததும் கடையிலிருந்து வெளியே வந்தாள்.

"மாமா, அடுத்த வருசம் காலேஜ் பீஸு கூடுமா, கொறையுமா? கோடு போட்டுப் பாத்துச் சொல்லுங்களேன்."

கிண்டலா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.