கட்டம் சரியில்லை

எந்த ஓவியத்தையும் ஏழுமலை முதலில் பின்பக்கம்தான் பார்க்கிறார். சட்டத்தை முகர்கிறார், விளிம்பில் விரலை ஓட்டுகிறார், ஒழுகிக் காய்ந்த சாயம் எந்தத் திசையில் போயிருக்கிறது என்று கவனிக்கிறார். பிறகுதான் முன்பக்கம், அதுவும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு. "சாயம் கீழதான் சார் ஒழுகும். இதுக்கு என்ன பெரிய படிப்பு?"

ஹவுராவிலிருந்து தினமும் லாஞ்சில் ஆற்றைக் கடந்து வந்து, கல்கத்தாவின் சிறிய கலைக்கூடம் ஒன்றில் முப்பது வருடமாகப் படம் மாட்டுகிறார். சட்டைப்பையில் கோணல் பார்க்கும் ரசமட்டம், காதில் பென்சில், வாயில் நாலு ஆணி. ஆணியோடு வங்காளம் பேசுவார். தமிழ் என்றால் ஆணியை எடுத்துவிடுவார். "ழ வருது பாருங்க, குத்திடும்."

கலை வரலாற்றை அவர் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார். மலை, மரம், மாடு இருந்தால் 'சீனரி'. ஒன்றும் புரியாவிட்டால் 'கசமுசா'. மூக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கமாகச் சதுரம் சதுரமாய் வெட்டிப்போட்டிருந்தால் 'கட்டம்'. பிக்காஸோ கட்டம். அந்தக் க்யூபிசத்தை இதே ஊரில் 1920களிலேயே தொட்டுப்பார்த்த ககனேந்திரநாத் தாகூர், 'நெழல் விழுந்த கட்டம்'. ஆங்கில நாளிதழில் ஞாயிறுதோறும் கலை விமர்சனம் எழுதிய நான், இதைச் சொல்ல நாலு பத்தி எடுத்துக்கொள்வேன்.

1997 டிசம்பரில் இந்த அகராதி எனக்குத் தெரியாது. ஊரின் கிழக்கே சால்ட் லேக்கில் இருந்த மாதவியின் முதல் கண்காட்சி அது. வங்கி வேலையை விட்டுவிட்டு வரைய வந்த பெண். வியாழக்கிழமையே பார்த்து எழுதப் போயிருந்தேன். அச்சான கையேட்டில் படம் எப்படி இருக்கிறதோ அப்படியே மாட்ட வேண்டும் என்று மேலாளர் மஹாதேவன் உத்தரவு போட்டிருந்தார். சதுரம் சதுரமாய் உடைந்திருந்த பதினாலாம் எண் படத்தருகே ஏழுமலை என் முழங்கையைத் தொட்டார்.

"சார், கட்டம் சரியில்லே. நீங்க பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்."

பாவம், வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது போலிருக்கிறது, ஜாதகம் கேட்கிறார் என்று நினைத்தேன். ஜாதகம், ஓவியம் இரண்டிலும் நான் ஒரே அளவுக்குத் தேர்ச்சி பெற்றவன் என்பதால் தயங்கவில்லை.

"அவசரப்படாதீங்க ஏழுமலை. குரு பார்த்தா எல்லாம் சரியாயிடும்."

தலையாட்டிவிட்டு ஆணியை அடித்தார்.

ஞாயிறு காலை என் கட்டுரை வந்தது. பதினாலாம் படத்தில் படகு கூரையாகக் கவிந்திருப்பதைச் சொல்லி, அது இந்நகரத்தின் வீழ்ச்சி என்று முழங்கியிருந்தேன். மாலையில் திறப்பு விழா. மாதவி உள்ளே வந்தார், நின்றார்.

"ஐயோ, என் படகு உல்ட்டாவா இருக்கே!"

மஹாதேவன் ஏழுமலை பக்கம் திரும்பினார். "யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா? நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

ஏழுமலை வாயில் ஆணிகளோடு என்னைப் பார்த்தார். வாசல் பலகையில் நாலு குண்டூசியில் என் கட்டுரை. நான் பேசினால் அது கவிழும். பேசாவிட்டால் அவருடைய வேலை. மூன்று வாய் டீ குடிக்கும் நேரம் யோசித்தேன். ஒரு வாயோடு முடித்திருக்கலாம்.

"அவர் என்கிட்ட சொன்னார், மஹாதேவன். கட்டம் சரியில்லேன்னார். நான் ஜாதகம்னு நெனச்சுட்டேன்."

ஏழுமலை ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "குரு பார்த்தா சரியாயிடும்னு சார் சொன்னாரும்மா. குருன்னா உங்க டிராயிங் மாஸ்டர்தானே, அவர் வருவாருன்னு மூணு நாளா வாசலையே பாத்துட்டிருந்தேன்."

மாதவி சிரிக்க ஆரம்பித்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மஹாதேவன் கையேட்டைப் புரட்டி, படத்தைத் தலைகீழாக அச்சடித்திருந்த பக்கத்தை அவசரமாக மூடினார். "சரி சரி, திருப்பி மாட்டுய்யா. நாளைக்கு நேரத்துக்கு வா."

படகு ஆற்றில் இறங்கியது. ஏழுமலை ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பிறகு நேரே வாசல் பலகைக்குப் போனார்; நாலு குண்டூசியையும் பிடுங்கி, என் கட்டுரையைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி குத்தினார். அதன் மேலும் ரசமட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சரிபார்த்தார்.