பள்ளிக்கூடத்திலிருந்து லேபுக்கு

வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள் என் குரல் போய்விட்டது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நாகர்கோவிலில் டீச்சர் டிரெயினிங் முடித்து, எங்கள் ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போது சத்தம் வெறும் காற்றாக வந்தது. ஒரு மாதம் உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தேன். பிறகு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்து, ஒரு பக்கத்துக் குரல் நாண் அசையவில்லை, வகுப்பெடுக்க இனி முடியாது என்றார்.

சின்ன வயசிலிருந்து டீச்சர் வேலை ஒன்றைத்தான் கடவுளிடம் கேட்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எனக்கு ஜெபம் வரவில்லை. மனசுக்குள் அவரோடு சண்டைதான் போட்டேன்.

அடுத்த வாரம் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். லேபுக்கு ஆள் இல்லையாம்.

"கொரலுதானே போச்சு? கண்ணு நல்லாத்தானே இருக்கு. வந்து படி மக்கா."

வேறு வழி தெரியாமல் போனேன். ரத்தத்தை ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து, ஸ்டெயின் என்ற சாயம் ஊற்றி, மைக்ரோஸ்கோப்பில் நூறு வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ண வேண்டும். அதை டி.சி. என்போம். முதல் மாதங்களில் அந்த வேலை எனக்குப் பிடிக்கவேயில்லை. ஏன் இப்படி ஆனது என்று கேட்பதை மட்டும் மெல்ல விட்டேன். இன்றைய வேலையைச் சரியாகச் செய்ய வையும் என்பதே காலை ஜெபமாயிற்று.

இரண்டாம் வருஷம் கடியப்பட்டணத்திலிருந்து சூசை என்ற மீன்பிடிக்காரர் வந்தார். ஆறு மாத இருமல், மூச்சிரைப்பு. டி.பி. என்று முடிவு கட்டி, வீட்டில் அவருக்குத் தனிப் பாய், தனித் தட்டு. கைக்குழந்தையை அவர் பக்கம் விடுவதே இல்லை என்றார் மனைவி. மூன்று முறை சளியைப் பார்த்தோம். கிருமி இல்லை. டாக்டர் டி.சி. எழுதிக் கொடுத்தார்.

வெள்ளை அணுக்களில் ஆரஞ்சுப் பொடி நிறைந்த ஈசினோபில் வகை நூறில் நாலைந்துதான் வரும். சூசைக்கு அறுபத்தெட்டு வந்தது. ஸ்டெயினில்தான் கோளாறு என்று நினைத்தேன். புது ஸ்லைடு போட்டு எண்ணினேன். எழுபத்தொன்று. இவ்வளவு ஏறினால் அது டி.பி. மாதிரியே இருமல் தரும் வேறொரு நோய் என்று டாக்டர் சொல்லித் தந்திருந்தார். நான் தப்பாகச் சொல்லி, இவருக்கு டி.பி.யே இருந்தால் அந்தக் குழந்தையின் கதி?

"நிச்சயமாச் சொல்லுதியா?" என்றார் டாக்டர்.

"ரெண்டு தடவ எண்ணினேன் சார்," என்றேன், வராத குரலில்.

அவரே உட்கார்ந்து எண்ணினார். எழுந்து போய் சூசையின் மனைவியிடம், "இது டி.பி. இல்லம்மா. ரத்தத்துல வந்த சீக்கு. ஊசி போட்டா மாறும்" என்றார்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு இருமல் தணிந்தது. கடைசி ஊசிக்கு வந்த அன்று, லேபின் வாசலிலேயே மனைவி குழந்தையை அவர் மடியில் வைத்தார். பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையையும் விரித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.

சூசைக்காகத்தான் என் குரல் போனது என்று நான் சொல்ல மாட்டேன். கடவுள் நினைத்தது எனக்குத் தெரியாது. லேபில் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நினைத்த இடத்துக்கு வரவில்லையே என்று வருந்தலாம், கடவுளிடம் சண்டைகூடப் போடலாம். ஆனால் கையிலிருக்கும் ஸ்லைடில் நூறையும் எண்ணுங்கள். அங்கேயும் அவர் இருக்கிறார்.