ஒன்றே முக்கால் லட்சத்துக்கு ஒரு சைக்கிள்

என்ன விலை என்று கேட்டவர்களிடமெல்லாம் பதினெட்டாயிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கே திட்டு விழுந்தது. ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, செயினுக்கு மூடி இல்லை. இத்தனையையும் கழற்றி வைத்துக்கொண்டு பதினெட்டாயிரமும் வாங்கிவிட்டானா என்று செக்காலை ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எனக்காகக் கோபப்பட்டார். உண்மை விலை ஒன்றே முக்கால் லட்சம். அதைச் சொல்லியிருந்தால் மனுஷன் என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார்.

நான் சைக்கிள் பைத்தியம் இல்லை. பள்ளிக்கூடத்தோடு சைக்கிளையும் விட்டவன். முப்பத்து மூன்று வருடம் பாங்கில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. காரைக்குடியில் இவ்வளவு பெரிய வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மகன் போன் செய்வான். எங்களில் அப்பாவை அப்பச்சி என்றுதான் கூப்பிடுவது. சாப்பிட்டீகளா அப்பச்சி என்பான். மாத்திரை போட்டாச்சா என்பான். வேலைக்கு வரும் அம்மா வந்தாகளா என்பான். மூன்றுக்கும் ஆமாம் என்பேன். நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன். இனிமேல்தான் என்பான். இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அவனைக் குறை சொல்ல முடியாது, ஒருநாள்கூடத் தவறியதில்லை. எனக்கு எரிச்சலே அதுதான். தவறியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒருநாள் பேச்சுவாக்கில், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு நந்தி மலைக்கு சைக்கிளில் போனதாகச் சொன்னான். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, அதில் எத்தனை கியர் என்று கேட்டு வைத்தேன். அவ்வளவுதான், நாற்பது நிமிடம் பேசினான். எனக்குக் கால்வாசிகூடப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலை அவன் எட்டாவது படித்த காலத்துக்கு அப்புறம் நான் கேட்டதில்லை. போனை வைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. மறுநாள் அவன் கூப்பிட்டதும், டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்லிவிட்டார், எனக்கும் ஒரு சைக்கிள் பார்த்துச் சொல் என்றேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இரண்டு மாதம் எனக்குப் பொற்காலம். படம் படமாக அனுப்பினான். என் உயரம் கேட்டான், கை நீளம் கேட்டான். ஒருநாள் கால் அளவு கேட்டான். சுவரில் முதுகை ஒட்டி நின்று, தொடை இடுக்கில் ஒரு புத்தகத்தை வைத்து, அங்கிருந்து தரை வரை அளக்க வேண்டுமாம். டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்க இன்னொரு ஆள் இருந்தால் சுலபம் என்றான். இன்னொரு ஆளுக்கு நான் எங்கே போக? டேப்பின் நுனியில் அம்மிக்குழவியை வைத்து அளந்தேன். நாலு தடவைக்கு நாலு அளவு வந்தது. நடுவாக ஒன்றைச் சொல்லி வைத்தேன்.

முப்பத்தைந்தாயிரத்தில் ஒன்று போதும், உங்களுக்கு அதற்கு மேல் வேஸ்ட் என்றுதான் அவன் சொன்னான். நான் பிடிவாதமாக அவனிடம் இருக்கும் அதே சைக்கிள்தான் வேண்டுமென்றேன். வாங்கினால் ஒசத்தியாக வாங்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கே உள்ள வீம்பு கொஞ்சம் அதில் இருந்தது. ஆனால் உண்மைக் காரணம் வேறு. ஒரே சைக்கிள் என்றால் அங்கே அவனுக்கு வரும் தொந்தரவுதான் இங்கே எனக்கும் வரும். பேசிக்கொண்டே இருக்கலாம் இல்லையா? மதுரையிலிருந்து பெட்டியில் சைக்கிள் வந்து இறங்கியது.

சைக்கிளையும் குறை சொல்லக் கூடாது. விடிகாலையில் புதுவயல் ரோட்டில் ஏறி மிதித்தால் அது பாட்டுக்குப் போகிறது. புதுவயலை நெருங்கும்போது ரைஸ் மில்களில் நெல் அவியும் வாடை வரும். லோடு ஏற்ற நிற்கும் லாரிகளைத் தாண்டி, அங்கே ஒரு கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். ஸ்டாண்டு இல்லாததால் டீ கிளாஸ் ஒரு கையில், சைக்கிள் ஒரு கையில். குனிந்தே ஓட்ட வேண்டியிருப்பதால் முதுகு பிடுங்கி எடுக்கும். முப்பத்தைந்தாயிரம் சைக்கிளும் இதே ரோட்டில் இதே போலத்தான் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தக் காசு எனக்குத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கியர் மாற்றும்போது டக்கென்று ஒரு சத்தம் வருகிறது என்பேன். எந்தக் கியரில், ஏறும்போதா இறங்கும்போதா என்று துருவித் துருவிக் கேட்பான். போனை வீல் பக்கத்தில் வைத்துச் சுற்றச் சொல்லிக் கேட்பான். சத்தம் நின்றுபோன நாள்களில் நானே ஒரு சத்தத்தை உண்டாக்கினேன். வராத கிரீச்சை வருகிறது என்றேன், இல்லாத ஆட்டத்தை இருக்கிறது என்றேன். பெற்ற பிள்ளையிடம் இப்படிப் பொய் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

தை மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு இரண்டு நாள் லீவு போட்டு வந்தான். ஒரு வாரம் முன்பிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை அவனும் நானும் புதுவயல் போகிறோம் என்று முடிவு செய்து, டீக்கடைக்காரரிடம்கூட மகன் வருகிறான் என்று சொல்லி வைத்தேன். அன்று ஐந்தரை மணிக்கே எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு முகப்பில் நின்றேன். அவனும் சைக்கிள்காரர்கள் போடும் அந்த இறுக்கமான உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டோடு வந்தான். சைக்கிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சுற்றுமுற்றும் பார்த்தான்.

"நீங்க இதுல வாரீக அப்பச்சி. நான் எதுல வாரது?"

சத்தியமாக எனக்கு அந்த நிமிடம் வரைக்கும் அது தோன்றவே இல்லை.

எங்கள் வீடுகளில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீரில் எதையும் ஒற்றையாக வைக்க மாட்டார்கள். என் மனைவி கொண்டுவந்த சீர்சாமான்களில் தட்டு முதல் முறம் வரை எல்லாம் டஜன் டஜனாக இருக்கும். நாற்பது பேர் வந்தாலும் பந்தி போடலாம். முற்றத்தைத் தாண்டிய இரண்டாங்கட்டில் ஒரு அறை நிறைய அடுக்கிப் பூட்டிக் கிடக்கிறது. அந்த வீட்டில்தான் நான் மூன்று வருடமாக ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒரு டம்ளரில் குடித்து, அரை லிட்டர் பாலும் கால் கிலோ கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒன்று வாங்கியே கை பழகிவிட்டது. மகனோடு பேசுவதற்காக ஒன்றே முக்கால் லட்சம் போட்டவன், இரண்டு பேர் சேர்ந்து போக இரண்டு சைக்கிள் வேண்டும் என்று யோசிக்கவில்லை. அவன் சொன்னபடி முப்பத்தைந்தாயிரத்தில் வாங்கியிருந்தால் இரண்டு வாங்கி மிச்சமும் பிடித்திருக்கலாம்.

எனக்கு முழங்கால் வலி, நீ போய்விட்டு வா என்றேன். இரண்டு தரம் மறுத்துவிட்டு ஏறிப் போனான். புதுவயல் பக்கம் போகவில்லை, நேர் எதிர்த்திசையில் நெற்குப்பை வரைக்கும் போய்விட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தான். ரோடு அருமை, சைக்கிள் அருமை என்று இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சைக்கிளுக்காக அழுகிற அறுபத்தொரு வயது ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மறுநாள் கல்யாணச் சாப்பாடு முடிந்து சாயங்கால பஸ்ஸில் கிளம்பிப் போனான்.

அடுத்த வாரம் செக்காலையில் ஒன்பதாயிரத்துக்கு இன்னொரு சைக்கிள் வாங்கினேன். ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, மணி எல்லாம் உண்டு. டீக்கடையில் எல்லோரும் இப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது என்றார்கள். அதில்தான் புதுவயல் போய்வருகிறேன். பெரிய சைக்கிளைத் துடைத்து, துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

சைக்கிளில் சத்தம் வருகிறது என்று எதுவும் சொல்லாமல் ஒரு மாதம் ஓடியதும் அவனுக்கே சந்தேகம் வந்து கேட்டான். புதிதாக ஒன்று வாங்கியதைச் சொன்னேன். எதற்கு இன்னொன்று என்றான். முதுகு வலிக்கிறது, இதில் நிமிர்ந்து உட்காரலாம் என்றேன். அதுவும் உண்மைதான்.

"அப்ப அதைச் சும்மா போட்டு வைக்க வேணாம் அப்பச்சி. இன்னும் ஒரு வருசம்கூட ஆகல, நல்ல வெலைக்குப் போகும். நான் இங்கேருந்தே ஆன்லைன்ல போட்டு வித்துத் தாரேன்."

நல்ல யோசனை. பாங்க் நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இந்த ஒரு வருடத்தில் அவனிடம் சொன்ன பொய்களோடு இன்னொன்றைச் சேர்க்க அன்று மனசு வரவில்லை.

"அது நீ வந்தா ஓட்டுறதுக்குப்பா. நீ அதுல வா. நான் இதுல வாரேன்."



"சரி அப்பச்சி" என்றான். "விக்க வேணாம்."