கோல் வலையை மடித்தவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஒரு கோல் வலையை மடித்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். கோல் வலையும் சேலை மாதிரித்தான். ஒரு முனையை ஒருவரும் மறு முனையை இன்னொருவரும் பிடித்தால் அழகாக மடிந்துவிடும். மறு முனையில் நின்றவர் இமானுவேல். விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றுகிறவர். அந்த நிலையத்துக்குப் பெயர் மாற்றியாயிற்று. இமானுவேலுக்கு மட்டும் அது இன்னும் பழைய டோர்வல்தான். வேலைக்கு வெளியே அவருக்கு இன்னொரு பதவி உண்டு. எங்கள் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் பூசை காணும் கோவிலின் சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது.

அந்த வலையை நாங்கள் தொட்டிருக்கவே கூடாது. அது பிறகுதான் தெரிந்தது...

இமானுவேலும் மனைவி றெஜினாவும் ரொக்ஸ்பரோவில் இருக்கிறார்கள். ஒரே மகள் ஸ்டெஃபனி, சீஜெப்பில் படிக்கிறாள். ஹைஸ்கூலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் கியூபெக்காரர் வைத்திருக்கிறார்களே, அந்தக் கல்லூரி. அங்கே பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு அவள்தான் கோல்கீப்பர். போன வருடம் வரை போட்டிகள் வாரநாள் மாலைகளில் நடந்தன. வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை.

இந்த வருடம் கல்லூரி லீக்கைக் கலைத்துப் பிரித்தார்கள். சில கல்லூரிகள் வேறு பிரிவுக்குப் போய்விட, ஸ்டெஃபனியின் ஆங்கிலக் கல்லூரி பிரெஞ்சுக் கல்லூரிகளின் பிரிவில் போய் விழுந்தது. போதாக்குறைக்கு, அவர்களுடைய மைதானத்தில் புதுக் கட்டடம் எழும்புகிறது. அதனால் ஒரு திட்டம் — பரம வைரியான பிரெஞ்சுக் கல்லூரியோடு ஒரே ஸ்டேடியத்தைப் பங்குபோடுவது! ஞாயிறு பதினொரு மணிக்கு இவர்களுடைய ஆட்டம். இரண்டு மணிக்கு அவர்களுடையது.

ஆனால் ஞாயிறு பன்னிரண்டரைக்குத் தமிழ்ப் பூசை. அதில் கீபோர்ட் வாசிப்பது யார்? ஸ்டெஃபனி.

"ஏலாது. விளையாட்டை விடச் சொல்லு," என்றார் இமானுவேல் மனைவியிடம். ஞாயிற்றுக்கிழமை வர முடியாத கோல்கீப்பரை அணியில் வைத்திருக்க முடியாது என்று கோச்சும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை.

அன்றைக்கு நான் அவர்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை காலமை பிரெஞ்சுப் பூசைக்குப் போகட்டுமன்," என்றாள் றெஜினா.

"தமிழ்ப் பூசை இருக்கேக்கை என்னத்துக்குப் பிரெஞ்சுப் பூசை?"

"ஏன், ஆண்டவருக்குப் பிரெஞ்சு விளங்காதோ?"

இமானுவேல் என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். முருகன் கோவிலுக்குப் போகிறவளுக்கு இந்த வழக்கில் என்ன வேலை?

ஸ்டெஃபனி மேசையில் கிடந்த கையுறைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து அவருக்கு மனம் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும்.

"சரி, இப்போதைக்கு விளையாடட்டும். நான் ஒருநாள் வந்து பாக்கிறன். பேந்துதான் முடிவு."

அந்த ஒருநாள்தான் போன ஞாயிறு. கோவில் கட்டடம் பிரெஞ்சுப் பங்குக்குச் சொந்தம். அன்று மத்தியானம் அவர்களுக்கு ஏதோ விசேஷம் என்பதால் எங்களவரின் பூசையை மாலை ஐந்துக்குத் தள்ளிவிட்டார்கள். கட்டடத்துச் சொந்தக்காரர் கேட்டால் இமானுவேல் மறுபேச்சுப் பேசமாட்டார். எங்கள் ஆட்கள் கேட்டால் — கலியாணமே என்றாலும் — பூசை நேரத்தை ஒரு நிமிடமும் அசைக்க மாட்டார்!

கோவில் பாடகர் குழு ஸ்டெஃபனியின் ஆட்டம் பார்க்க இரண்டு வான்களில் கிளம்பியது. "அக்கா, நீங்களும் வாங்கோ. நீங்கள் பக்கத்திலை இருந்தால் இவர் சத்தம் போடமாட்டார்," என்று றெஜினா என்னையும் ஏற்றிக்கொண்டாள்.

அவள் கணக்குப் பிழைத்தது. முதல் கோல் வாங்கியதுமே, "கையை நீட்டு பிள்ளை, கையை நீட்டு!" என்று இமானுவேல் போட்ட சத்தத்தில் ரெஃபரி திரும்பிப் பார்த்தார். ஸ்டெஃபனி பாய்ந்தாள், விழுந்தாள், எழும்பினாள். முழங்கை தோல் உரிந்தது. வீட்டில் வாய் திறக்காத பிள்ளை அங்கே பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன செய்தும், ஒரு கோலால் தோற்றுப்போனார்கள். பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உடை மாற்றப் போனார்கள்.

இனி, நடந்த கூத்து.

இவர்களுடைய கோவில் வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். தமிழ்ப் பூசை முடிந்தால் அடுத்த அரை மணி நேரம் ஒரே ஓட்டம். மடு மாதா சுரூபம் அலுமாரிக்குள். தமிழ்ப் பாட்டுப் பலகை அதற்குப் பின்னால். நாற்காலிகள் சுவரோரம். பூசைக்குப் பிறகு சாப்பிட்ட ரோல்ஸ் வாசம் போக ஜனவரியிலும் யன்னல்கள் திறக்கும். பிறகு ஆண்கள் நிலம் துடைப்பார்கள் — ஆமாம், ஆண்கள்! அங்கே தமிழர் வந்து போனதற்கு ஓர் அடையாளமும் மிஞ்சாது. "மற்றாக்களின்ரை இடம். ஒரு குறை சொல்ல விடக்கூடாது" என்பது இமானுவேலின் சட்டம். சொந்தக் கோவில் உள்ள எங்களுக்கு இந்தப் பயிற்சி கிடையாது. எங்கள் வாசலில் செருப்புகள் கிடக்கும் அழகைப் பார்த்தாலே தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் இமானுவேல் கையைத் தட்டினார். "சரி, துவங்குவம்!"

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பாடகர் குழு பிரிந்து வேலையில் இறங்கியது. பெண்கள் உடை மாற்றும் அறையைத் துடைத்தார்கள். ஆண்கள் மூலைக் கொடிகளைப் பிடுங்கினார்கள். பிரெஞ்சுக் கல்லூரியின் பெரிய பதாகைகூட இறங்கிப் பக்குவமாக மடிந்தது. கோல் வலைகளைக் கழற்றி, மடித்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக் களஞ்சிய அறைக்குள் வைத்தோம். ஒரு முடிச்சு என்னுடையது. நல்ல முடிச்சு.

இரண்டு மணி ஆட்டத்துக்கு ஆட்கள் வந்தபோது மைதானத்தில் வெறும் கம்பங்கள் மட்டும் நின்றன.

பிரெஞ்சுக் கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளரான பெண்மணி ஓடி வந்தார். வலைகள் எங்கே?

"தூ ப்ரொப்ர், மதாம்!" என்றார் இமானுவேல், முகமெல்லாம் சிரிப்பாக. எல்லாம் சுத்தமாம்.

பெண்மணி சிரிக்கவில்லை. குறித்த நேரத்துக்கு வலை இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது என்று ரெஃபரி சொல்லிவிட்டார். ஆங்கிலக் கல்லூரிக்காரர் வேண்டுமென்றே செய்த சதி என்று யாரோ கத்தினார்கள். சீசன் தொடங்கியதிலிருந்தே இரண்டு கல்லூரிக்கும் சண்டைதான் — அறையை நீ அழுக்காக்கினாய், விளக்கை நீ அணைக்கவில்லை என்று. பொதுவாக இருந்த ஸ்டேடியத் திட்டமே அன்றோடு முடிந்துவிடும் போல இருந்தது.

ஈரத் தலையோடு ஸ்டெஃபனி வெளியே வந்தாள்.

"அப்பா! ஆர் உங்களைத் தொடச் சொன்னது?"

அத்தனை பேர் முன்னால்... இமானுவேலோ ரோசக்காரர். இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார், பிள்ளையையும் விடமாட்டார் என்று நினைத்தேன். றெஜினாவும் அதைத்தான் நினைத்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

இமானுவேல் நேரே அந்தப் பெண்மணியிடம் போனார். "பிழை என்ரை. இந்தப் பிள்ளையளின்ரை இல்லை," என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். அடுத்த நிமிடம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கோலை நோக்கி ஓட்டம்! ஸ்டெஃபனி பின்னால் ஓடினாள். அவள் அணியும் ஓடியது. பிறகு பிரெஞ்சுப் பிள்ளைகளும். சீசன் முழுக்க முகம் கொடுத்துப் பேசாத பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி ஏறிக் கொக்கி மாட்டினார்கள். என் முடிச்சை அவிழ்க்கத்தான் நேரம் போனது. எத்தனை வசவு விழுந்ததோ, நல்லவேளையாக எனக்குப் பிரெஞ்சு அவ்வளவு வராது.

ரெஃபரி விசிலைக் கொஞ்சம் பிந்தி ஊதினார். ஊதியதே பெரிய காரியம்.

பெண்மணி உடை மாற்றும் அறைக்குள் போனார். அமைதியாகத் திரும்பி வந்தார். யார் துடைத்தது என்று கேட்டார். நாங்கள் வழக்கம் போல இமானுவேலைக் காட்டினோம். இப்போதுதான் பெண்மணி சிரித்தார். "வலையைத் தொடாமல், இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவில் இந்தத் துப்புரவு வேலையை ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார்.

ஸ்டெஃபனி தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் என்றால் என்ன என்று அங்கே நின்ற அத்தனை தமிழருக்கும் தெரியும்.

இமானுவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"எத்தினை மணிக்கு வரவேணும்?"

திரும்பும் வழியில் றெஜினா மெதுவாகக் கேட்டாள், "அப்ப தமிழ்ப் பூசை?"

"பனி கொட்டி ஆட்டம் நிக்கும் வரைக்கும் நாலு மணிக்கு வைப்பம். ஃபாதரோடை நான் கதைக்கிறன். பிரெஞ்சுக்காரரோடையும் நான் கதைக்கிறன்."

கலியாணத்துக்கு அசையாத மனிதர்!

பின் சீட்டில் விசும்பல் கேட்டது. ஸ்டெஃபனி.

"அழாதை பிள்ளை," என்றார் இமானுவேல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே. "ஒரு கோல்தானே? வாற ஞாயிறு வெல்லலாம்."

அவள் தோற்றதற்காக அழுதாள் என்றுதான் இந்த நிமிடம் வரைக்கும் அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து யாரும் திருத்திவிடாதீர்கள்.