ஆர்கன் ஓயும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது

வேங்கிக்காலில் ஆபீஸ் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது என் மனைவி செல்லில் கூப்பிட்டாள். "ரூபாவதி அக்கா போயிட்டாங்களாம்" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. லைன் கட்டாகிவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பேச்சு பாதியில் அறுந்துபோவதை ஆயுள் முழுக்கச் சகிக்காத ஒரு மனுஷியின் சாவுச் செய்தியா இப்படி அறுந்து வந்து சேர வேண்டும்?

சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரூபாவதி அக்கா நம் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுத் தருகிற வேலை. வாரமெல்லாம் ஊரைப் பேச வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பாட வைப்பார். காலால் மிதித்துக் காற்றடிக்கிற அந்தப் பழைய ஆர்கனில் அவர் உட்கார்ந்துவிட்டால், நாம் இழுத்து இழுத்துப் பாடுவதெல்லாம் நடக்காது. "லைன்ல இருங்க, கட் பண்ணாதீங்க" என்பது அவர் வாயில் எந்நேரமும் இருக்கும். பாடகர் குழு பயிற்சிக்கு நடுவில் எவனாவது நழுவப் பார்த்தாலும் அதே பேச்சுதான். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு அம்மா விடாமல் குடைந்தபோது, "நம்பர் போட்டுப் பார்த்தேன், எங்கேஜ்டுன்னே வந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப்புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினார்.

அந்நாளில் ஓர் ஆயர் இருந்தார். நல்ல மனிதர். ஆனால் பிரசங்கத்தை ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாது. வீட்டில் குழம்பு அடிபிடிக்கும், அவர் அப்போதுதான் இரண்டாவது குறிப்புக்கு வருவார். ஒருநாள் அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய இடத்தில் ஆர்கனிலிருந்து ஒரு கீழ் சுரம், பசித்த வயிறு உறுமுகிற மாதிரி, மெதுவாகக் கிளம்பியது. ஆயர் திடுக்கிட்டு "ஆமென்" என்றார். சபையே "ஆமென்" என்றது. அக்காவிடம் கேட்டேன். "மூணு நிமிஷம் ஆனா ட்ரங்க் கால்ல குறுக்க வந்து சொல்லுவோம் இல்ல? இவருக்கு யாரு சொல்றது?" என்றார். அதன்பின் நம் வீடுகளில் குழம்பு அடிபிடித்ததில்லை.

இனி என் கல்யாணக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அக்காவுக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. என் அப்பா தேதி குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார். பத்திரிகையைக் கையில் வாங்கியதுமே அக்கா, "இது சித்ரா பௌர்ணமிங்களே" என்றார். அப்பாவுக்குச் சுருக்கென்றது. "நாம என்ன நாள் கிழமை பாக்கறவங்களா?"

"நாள் பாக்க வேணாங்க. காலண்டரையாவது பாத்திருக்கலாமே" என்றார் அக்கா.

அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. கிரிவலக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டிருந்த காலம் அது. பெண் வீட்டார் கிரிவலப் பாதையிலேயே, அடி அண்ணாமலையில் ஓர் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்கள். மற்ற நாளில் வேனில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் டவுனுக்கு வந்துவிடலாம். கல்யாணம் மாலை நாலு மணிக்கு. நாலுக்கு நான் கோட்டுக்குள் வெந்துகொண்டு முன்னால் நிற்கிறேன், பெண்ணைக் காணோம். செல்போன் இல்லாத காலம். யாரை எங்கே தேடுவது?

முன்வரிசையில் வேலூரிலிருந்து வந்த என் பெரியப்பா. அங்கே அவர் சபை மூப்பர், ஒழுங்கு என்றால் உயிர். தண்ணீர் குடிக்க எழுந்த என் சித்தப்பாவை எல்லார் காதிலும் விழும்படி அதட்டினார். "சர்ச்சா இது, சினிமா கொட்டகையா? ஆர்கன் ஓயற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது!" அக்கா காதிலும் அது விழுந்தது.

நாலரை ஆயிற்று, அதையும் தாண்டிற்று. பின்வரிசையில் பெண்ணுக்கு வேறு யாரையோ பிடித்திருக்கிறது என்ற அளவுக்குப் பேச்சு வளர்ந்துவிட்டது. பெரியப்பா அப்பாவின் பக்கம் சாய்ந்து, "இன்னும் என்னடா? பொண்ணு வராது. மானம் போறதுக்குள்ள கெளம்பு" என்றார். என் அப்பா முகம் சுண்டிப்போய்விட்டது. பெரியப்பா எழுந்து நடந்தால் எங்கள் உறவுக்கூட்டம் மொத்தமும் பின்னால் போகும். அத்தோடு என் கல்யாணம் முடிந்தது.

வாசித்துக்கொண்டிருந்த பாட்டு முடிந்தது. பெரியப்பா கைத்தடியை ஊன்றினார். ஆர்கன் மேலிருந்த முகம்பார்க்கும் கண்ணாடியில் அக்கா அதைப் பார்த்துவிட்டார். சட்டென்று அடுத்த பாட்டு. பெரியப்பா உட்கார்ந்தார். இப்படியே போனது. பாட்டு முடியப்போகிற இடத்தில் அவர் நாற்காலி நுனிக்கு வருவார், அக்கா மூச்சுவிடாமல் இன்னொன்றைத் தொடங்குவார், அவர் பின்னுக்குச் சாய்வார். தன் வாயாலேயே கட்டுண்டு கிடந்தார் பாவம்.

ஒரு கட்டத்தில் நான் இதுவரை கேட்டிராத ஒரு கீதம் வந்தது. வெகு நிதானமாக, வெகு உருக்கமாக. என் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பா தலையை ஆட்டினார். மறுபடி அதே அடி வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வருஷம் டீக்கடை டீக்கடையாக அலறிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டு! காணாமல்போன காதலியைக் கதாநாயகன் மழையில் நனைந்தபடி தேடுவான். பொருத்தத்தைப் பாருங்கள். நைசாக ஆர்கன் பக்கம் நகர்ந்து, "அக்கா, என்னக்கா இது?" என்றேன்.

"தெரிஞ்சதெல்லாம் தீந்துடுச்சு தம்பி. லைன்ல இருங்க, பொண்ணு வரும். இந்த முட்டிதான் தாங்கணும்" என்றார். முகமெல்லாம் வேர்வை. முட்டிவலிக்காரர் அவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் மிதித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் சத்தம் கேட்டது. சபையே திரும்பியது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பு ஒரு கையிலும் தலையில் போடுகிற வெள்ளை வலை இன்னொரு கையிலுமாக என் மணப்பெண் நின்றாள். வேன் கூட்டத்தில் அசையவே இல்லையாம். இறங்கிக் கிரிவலக்காரர்களோடு நடந்தே வந்துவிட்டாள். வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு ஒரு கும்பல் அவளைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. நெற்றி நிறைய விபூதியோடு ஒரு அம்மா புடவைத் தலைப்பால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஆர்கனைக் காது கொடுத்துக் கேட்டு, "அடியே, இது அந்தப் படத்துப் பாட்டாச்சே!" என்று வாய்விட்டுப் பாடத் தொடங்கியபோது, அக்காவின் கை அப்படியே கல்யாண ஊர்வல இசைக்குத் தாவியது. அந்த அம்மாவின் குரல் அதில் அமுங்கிப்போனது.

கல்யாணம் நடந்தது. எல்லாரும் போட்டோவுக்கு ஓடினோம். அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. என் மனைவிதான் கவனித்தாள். பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து அவர் காலை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். "போம்மா, போட்டோ எடுக்கறாங்க. நான் இங்கதானே இருக்கேன்" என்றார் அக்கா. எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவர் ஒரு படத்தில்கூட இல்லை. அவர் இல்லாவிட்டால் ஆல்பமே இல்லை.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. பெரியப்பா போகும்போது அக்காவிடம், "அந்தக் கீதம் பாட்டுப்புத்தகத்துல எத்தனாவது?" என்று கேட்டார். "புத்தகத்துல வராதுங்க" என்றார் அக்கா, பச்சைக்குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. பெரியப்பா தன்னை அடக்கம் பண்ணும்போது அதைத்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டார். அவர் இறந்தபோது, சொன்னபடியே அக்கா வேலூர் போய் வாசித்தார். நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றேன், துக்கம் தாளாமல் அழுகிறேன் என்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். அப்புறம் நம் சபைக் கல்யாணங்களிலும் அது நுழைந்துவிட்டது. ஆம், நீங்கள் கைகட்டி நின்று கேட்கிற அதே கீதம்தான். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

போன வாரம் அக்காவைச் சர்ச்சில் வைத்திருந்தோம். ஆராதனை முடிந்தது. கீபோர்டு வாசிக்கும் ஷீலா என்னிடம் வந்து, "என்ன வாசிக்கணும் அண்ணா?" என்றாள். சொன்னேன். அது சினிமாப் பாட்டென்று தெரிகிற வயசில்லை அவளுக்கு. பயபக்தியோடு தொடங்கினாள். பெட்டியைத் தூக்க நின்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பாட்டு ஓய்ந்தால் தூக்கிவிடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் என் மனைவிக்கும் உறைத்திருக்க வேண்டும். பாட்டு முடியப்போகிற இடத்தில் அவள் ஷீலாவைப் பார்த்து, இன்னொரு தடவை என்று சைகை காட்டினாள். அது முடிகிற இடத்தில் நான் காட்டினேன். ஆயர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கல்யாணமும் அந்தப் பாட்டும்தான். என் மனைவி எங்கேயாவது போய்விட்டு வர நேரமானால் நான் போன் செய்வதில்லை, வாசலில் நின்று அதை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். இதுவரை அவள் வந்துவிட்டிருக்கிறாள். அன்றைக்கு அக்காவின் பெட்டிக்குப் பக்கத்திலும் முணுமுணுத்துக்கொண்டுதான் நின்றேன். கடைசியில் ஷீலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானாகவே மெதுவாகக் கையை எடுத்தாள். பெட்டியைத் தூக்கினார்கள்.