அக்டோபர் என்று நான் எழுதிய கடிதமும் ஒரு வடக்குச் சுவரும்

ஜெர்மனியில் ஐஃபல் மலைப்பக்கம் போகிறேன், பழைய சுண்ணாம்புக் கட்டடங்கள் பார்க்க வேண்டும், எந்த மாதம் நல்லது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எந்த மாதம் என்ற கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் கொஞ்சம் யோசித்துக் கேட்க வேண்டும். 1973-ல் இதே கேள்விக்கு எழுத்து மூலம் பதில் சொல்லி ஒரு சுவரைக் கெடுத்தவன் நான். அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். விலைகள் எல்லாம் அந்தக் காலத்து மார்க் கணக்கு, அதை நம்பிப் பணம் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

அப்போது நான் அதன் பக்கத்திலுள்ள ஆஹென் நகரத்தில் ஒரு கட்டடப் பொருள் ஆய்வகத்தில் இரண்டாம் வருட ஆராய்ச்சியாளன். அதற்கு முன் திருநெல்வேலிப் பக்கம் பொதுப்பணித் துறையில் இரண்டு வருடம் உதவிப் பொறியாளர். ஜூலை மாதம் ஐஃபலில் ஒரு சின்னக் கிராமத்திலிருந்து எங்கள் ஆய்வகத்துக்குக் கடிதம் வந்தது. ஊர்த் தேவாலயத்தின் மூன்று சுவர்களுக்குப் பழைய முறையில் சுண்ணாம்புப் பூச்சு போடப் போகிறோம், ஆகஸ்டில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். எல்லோரும் விடுமுறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் கர்வம்தான். சுண்ணாம்பு நமக்குத் தெரியாததா?

ஆகஸ்ட் வேண்டாம், வெயிலில் சாந்து சட்டென்று காய்ந்து வெடித்துவிடும், வெயில் தணிந்து அக்டோபர் நடுவில் ஆரம்பியுங்கள் என்று எழுதினேன். திருநெல்வேலியில் நாங்கள் மார்கழி, தை வரை காத்திருந்துதான் சுண்ணாம்பு வேலையைத் தொடுவோம். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. இருபத்தைந்து டிகிரியை வெயில் என்று எழுதிய ஒரே ஆள் அந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன். மேலதிகாரி என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். கடிதம் போயிற்று, நானும் மறந்துபோனேன்.

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மாலை, யோகன் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். யோகன் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூன்று வயது பெரியவர். படிக்க வந்து, படிப்பை விட்டுவிட்டு ஒரு சுவர்ப்பூச்சுக்காரரிடம் வேலை பார்த்தார். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்பேன். "நான் என்ன பலசரக்குக் கடையோ வைச்சிருக்கிறன்?" என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்வார். பேச்சுவாக்கில் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்டோபரோ? தம்பி, இந்தக் குளிருக்கை ஆர் சுண்ணாம்பு பூசுறவை? எங்கட முதலாளி செப்டெம்பரோட வெளிச்சுவர் வேலையை நிப்பாட்டிப்போடுவார்."

"ஏன் அண்ணாச்சி? கூல் வெதர்ல மெதுவாக் காஞ்சா ஸ்ட்ராங்காத்தானே இருக்கும்?"

"காயுறதுக்கு முதல் உறைபனி வந்திடுமெல்லே? சாந்துக்குள்ள கிடக்கிற தண்ணி ஐஸாகி வீங்கும். பிறகு அப்பளம் மாதிரிக் கழண்டு விழும்."

சிமெண்ட் ஒரு நாளில் இறுகிவிடும். சுண்ணாம்பு அப்படியில்லை. காற்றை உள்ளே இழுத்து, மேல்தோலிலிருந்து உள்நோக்கி மாதக்கணக்கில் மெதுவாகக் கல்லாகும். அதுவரை அது ஈரமான மாவுதான். இதையெல்லாம் நான் பாடமாகப் படித்தவன், தேர்வில் எழுதியவன். உறைபனி என்ற ஒன்று இருப்பது மட்டும் ஜூலையில் என் மண்டையில் ஏறவில்லை. வானொலியில் வார இறுதிக்குக் கடும் குளிர் சொன்னார்கள். நாளைக்கே போய், தவறு என்னுடையது என்று சொல்லி, சுவரை மூடவைக்க வேண்டும் என்றேன்.

"நாளைக்கு ஏலாது, வேலை. சனிக்கிழமை வெள்ளன வாறன், போய்ச் சொல்லிப்போட்டுப் பின்னேரமே திரும்பிடுவம்" என்றார் யோகன். அன்றே திரும்பியாக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எண்ணெய்த் தட்டுப்பாட்டினால் அந்த ஞாயிறு முதல் நாடு முழுக்கக் கார் ஓட்டத் தடை. ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு ஆரம்பித்து, திங்கள் விடியற்காலை மூன்று மணி வரை.

சனிக்கிழமை காலை 8.20-க்கு யோகனின் பழைய ஃபோக்ஸ்வாகனில் கிளம்பினோம். மொன்ஷாவ் என்ற சிற்றூர் வரை 32 கிலோமீட்டர், அங்கிருந்து கிராமம் 9 கிலோமீட்டர். வழியெல்லாம் மூடுபனி, முகப்பு விளக்கைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. 9.35-க்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பேருந்தில் போனால் மொன்ஷாவ் வரை நான்கு மார்க் பத்து, அதற்கு மேல் நடைதான். வழி நெடுக ஜெர்மன் மொழியில் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

தேவாலயம் சின்னதுதான், நூறு பேர் உட்காரலாம். வடக்குச் சுவரில் இன்னும் சாரம் நின்றது. அதன் மேலே நாற்பது வயதுள்ள ஒருவர் தனியாக நின்று, உருளைக்கிழங்குச் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் கொத்தனார் கிரிங்ஸ். ஆய்வகத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"கடைசியில் ஆள் அனுப்பினார்களே! சாக்கைப் பிடியுங்கள்" என்றார்.

மனப்பாடம் செய்ததை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். சாக்கைப் பிடித்தேன்.

கட்டிக்கொண்டே கிரிங்ஸ் கதையைச் சொன்னார். பத்து வருடம் முன்பு தெற்குச் சுவருக்கு மட்டும் சிமெண்ட் பூசினார்களாம். பார்க்கக் கட்டுமஸ்தாகத்தான் இருந்தது. ஆனால் தரையிலிருந்து கல்லுக்குள் ஏறும் ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. என்னைக் கூட்டிப்போய் விரலால் தட்டிக் காட்டினார், வெற்றுப் பானை போலச் சத்தம் கேட்டது. உடைந்த இடத்தில் உள்ளே கல் பொடிந்து மணலாக உதிர்ந்தது. சுண்ணாம்புப் பூச்சென்றால் ஈரத்தை வெளியே விட்டுவிடும், தேய்ந்தாலும் பூச்சுதான் தேயும், கல் பிழைத்துக்கொள்ளும். மற்ற மூன்று சுவர்களுக்கும் சுண்ணாம்புதான் என்று ஊர்க் குழுவோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டி அவர் சம்மதம் வாங்கியிருக்கிறார். குழுத் தலைவருக்கு சிமெண்ட் மேல்தான் கண். இந்தப் பூச்சு விழுந்தால் வசந்த காலத்தில் நான்கு சுவருக்கும் சிமெண்ட் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாராம்.

"நான் ஆகஸ்டில்தான் பூச வேண்டும் என்றேன். உங்கள் கடிதத்தில் அக்டோபர் என்று இருந்தது. முத்திரை வைத்த காகிதத்துக்கு முன்னால் கொத்தனார் பேச்சு எடுபடுமா?" என்றார். அதில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மதியம் ஆய்வகத்திலிருந்து கொண்டுபோன பினாப்தலீன் குப்பியை எடுத்தேன். பள்ளியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கார நீரில் ஒரு சொட்டு விட்டால் ரோஜா நிறமாகுமே, அதேதான். கல்லாகிவிட்ட சுண்ணாம்பில் தெளித்தால் நிறம் வராது. ஆகாததில் வரும். முதலில் பூசிய மேற்குச் சுவரைக் கொஞ்சம் சுரண்டித் தெளித்தேன். மேலே நகக்கனத்துக்கு வெள்ளை, அதற்குக் கீழே ரோஜா. தொட்டால் காய்ந்திருந்தது, தப்பிவிடும். கடைசியாகப் பூசிய வடக்குச் சுவரில் தெளித்ததும், தோல் முதல் கல் வரை இரண்டு சென்டிமீட்டரும் ரோஜாவாகிவிட்டது. கை வைத்தால் ஈரம் ஒட்டியது. அவ்வளவு அழகான நிறத்தைப் பார்த்து நான் பயந்தது அந்த ஒரு முறைதான்.

சாக்குகள் போதவில்லை. கிரிங்ஸின் மனைவி வீட்டுக் கம்பளிகளைக் கொண்டுவந்தார். யோகன் பக்கத்துத் தொழுவத்தில் வைக்கோல் கேட்டு வாங்கிவந்தார். அப்படியும் கூரையடியில் வலது மூலைக்குக் கட்ட ஒன்றும் மிஞ்சவில்லை, ஒரு பழைய மேசைவிரிப்பைத்தான் கட்டினோம். இருட்டும்போது சாலை உறைந்து கண்ணாடியாகிவிட்டது.

"இந்தத் தேய்ஞ்ச டயரோட இனி இறங்க ஏலாது. நாளைக்கு ஓட விடமாட்டாங்கள். அப்ப திங்கள்தான்" என்ற யோகன், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சொல்லிப்போட்டியோ?"

"இல்ல அண்ணாச்சி. மார்னிங் சொல்லிடறேன்."

"நீ சொல்லாமல் ஓடிடுவாய் எண்டுதான் அரசாங்கமே காரை நிப்பாட்டியிருக்கு."

ஊர் விடுதியில் தலைக்கு 13 மார்க், காலைச் சாப்பாடு சேர்த்து. பட்டாணி சூப் இரண்டு மார்க் ஐம்பது, வயிறு நிறையும். படுக்கை நன்றாக இருந்தது, தூக்கம்தான் வரவில்லை. சொன்னால் விஷயம் மேலதிகாரி வரை போகும், எனக்கு மூன்றாம் வருட நீட்டிப்பு ஜனவரியில் முடிவாக வேண்டும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. கடிதத்தில் என் பெயரே இல்லை.

ஞாயிறு காலை மைனஸ் எட்டு. சாலையில் ஒரு கார் இல்லை, ஊரே நடுவீதியில் நடந்து தேவாலயத்துக்கு வந்தது. வழிபாடு முடிந்ததும் எல்லோரும் வடக்குப் பக்கம் கூடிவிட்டார்கள். கிரிங்ஸ் சாரத்தில் ஏறிச் சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கம்பளிக்கும் வைக்கோலுக்கும் கீழே பூச்சு பிடித்துக்கொண்டிருந்தது. வலது மூலையில் மேசைவிரிப்பை எடுத்ததும் ஒரு கதவு அளவுக்குப் பூச்சு பாளமாகக் கழன்று வந்து தரையில் உடைந்தது.

குழுத் தலைவர் காலால் ஒரு துண்டைப் புரட்டினார். "சுண்ணாம்பு" என்றார். "நான் சொன்னேன். வசந்தத்தில் சிமெண்ட்."

கிரிங்ஸ் மேலேயே நின்றார். கடிதத்தைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "வேலை என்னுடையது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாக்கை மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. "மன்னியுங்கள்" என்று ஆரம்பித்தேன், குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "தவறு சுண்ணாம்புடையது அல்ல, இவருடையதும் அல்ல. அக்டோபர் என்று எழுதியது நான். எங்கள் ஊரில் பூச்சுக்கு எதிரி வெயில். உறைபனியை நான் பார்த்ததே இல்லை. இவர் சொன்ன மாதத்தில் பூசியிருந்தால் இந்தச் சுவர் நின்றிருக்கும்."

"உங்கள் ஊரில் ஜனவரியில் எவ்வளவு வெப்பம்?" என்று கேட்டார் தலைவர்.

"முப்பது."

பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு பலர் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், கண்ணில் தண்ணீர் நின்றதால் முடியவில்லை. தலைவர் சிரிக்கவில்லை. சாரத்தை அண்ணாந்து பார்த்து, "கிரிங்ஸ், கடிதத்தை விடு, அடுத்து எப்போது பூசுவாய்?" என்றார்.

"மே. இவரையும் அனுப்பச் சொல்லுங்கள், மணல் சலிக்க ஆள் வேண்டும்."

"வடக்குச் சுவருக்கு இன்னொரு தடவை. ஒரே ஒரு தடவை" என்றார் தலைவர்.

திங்கள் காலை ஆஹெனுக்குத் திரும்பியதும் மேலதிகாரியிடம் நானே சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். திருத்தக் கடிதத்தை என் பெயரிலேயே எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன். அந்தத் தடவை நீட்டிப்பு ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம்தான் கிடைத்தது. அது நியாயம்தான்.

1974 மே மாதம் இரண்டு வாரம் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். வடக்குச் சுவரை முழுக்க உதிர்த்து, கல்லை நனைத்து, சாந்தைக் கரண்டியால் வீசி அடித்தோம். நான் அடித்ததில் பாதி என் சட்டையில். நான்காம் நாள் காற்றும் வெயிலுமாக இருந்தது. சுவர் சீக்கிரம் காய்கிறது, ஈரச்சாக்கு கட்ட வேண்டும் என்றேன். கிரிங்ஸ் ஒரு நிமிடம் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் ஊர் சொல்வது சரி" என்று அதே உருளைக்கிழங்குச் சாக்குகளை எடுத்துவந்தார்.

வேலை முடிந்ததும் ஈரப் பூச்சில் ஆணியால் வருடத்தைக் கீறுவது அங்கே கொத்தனார்களின் வழக்கம். அந்த ஆணியை என் கையில் கொடுத்தார். 1974 என்று கீறிவிட்டு நிமிர்ந்தேன்.

"மாதத்தையும் போடுங்கள்" என்றார். போட்டேன்.

இனி போகப்போகிறவர்களுக்கு. பழைய கட்டடங்களைப் பார்க்க மே, ஜூன் நல்லது. சாரம் கட்டிய இடங்களில் பூச்சு வேலை நடப்பதையே பார்க்கலாம். சுவரைப் பார்த்ததும் விரலால் தட்டிப் பார்க்காதீர்கள், எனக்குக் கொத்தனாரே தட்டிக் காட்டினார். ஞாயிறன்று பேருந்து உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுகிறவர்கள், எந்த மாதம் என்று கடிதம் எழுதிக் கேட்காமல், அந்த ஊரில் பூசுகிறவரைக் கேளுங்கள்.

1979-ல் ஊர் திரும்பும் முன் யோகனோடு ஒருமுறை போய்வந்தேன். வடக்குச் சுவர் இடது மூலையில், முழங்கால் உயரத்தில், என் கோணல் எழுத்தில் "மே 1974" அப்படியே இருந்தது. பிறகு சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போனோம். அங்கே சிமெண்டே இல்லை. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு, மூலையில் கிரிங்ஸின் நேரான எழுத்து: "ஜூன் 1975".