நெருக்கடிக்கு ஒரு வண்டி கேட்டோம்

திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலப் பிரிவில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, வரதய்யபாளையத்தில் இரண்டு அறைகளில் நடந்த சின்ன அறக்கட்டளை ஒன்றில் சேர்ந்தேன். வாரத்துக்கு ஒரு நாள் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் நான்தான். யாருக்காவது மனசு தடுமாறிப் போனால் வீட்டார் என் போனுக்குக் கூப்பிடுவார்கள். பஸ் பிடித்துப் போவேன்.

ஒரு மத்தியானம், ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி கூப்பிட்டாள்.

"மேடம், எங்க வூட்டுக்காரரு மூணு நாளா தூங்கல. வெஷம் வச்சிட்டாங்கன்னு சோறு துன்ன மாட்டேன்றாரு. இப்ப அருவாள எடுத்துக்கினு உள்ள தாப்பா போட்டுக்கினாரு."

முதல் பஸ் நிற்காமல் போனது. அடுத்தது வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து, அவரை இழுத்து வந்து, கிணற்று மோட்டார்க் கயிற்றால் கையையும் காலையும் கட்டி வாசலில் போட்டிருந்தார்கள். மணிக்கட்டில் ரத்தம். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். என் தண்ணி பாட்டிலை அவர் கண்ணெதிரே திறந்து, முதலில் நான் குடித்தேன். வெகுநேரம் என்னையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அவர் குடித்து முடித்ததும்தான் கட்டை அவிழ்க்க விட்டார்கள். நெல் மூட்டை ஏற்றும் மினி லாரியில் திருப்பதிக்கு அழைத்துப் போனோம். சில வாரத்தில் தேறி வந்தார்.

எங்களுக்கு என்று ஒரு வண்டி, எந்நேரமும் எடுக்க ஒரு போன். இதற்கு நிதி கேட்டு, உதவி தரும் நிறுவனம் ஒன்றுக்கு எழுதினோம். "தேவைக்குச் சான்று இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது. மறுநாள் சான்று சேர்க்க ஒரு நோட்டு வாங்கினேன்.

வீடு வீடாகப் போனேன். "எங்க வூட்ல அப்படி யாரும் இல்லம்மா" என்றே எல்லாரும் சொன்னார்கள். பைத்தியக்கார வீடு என்று பேர் வந்தால் பெண் எடுக்க மாட்டார்களே. அன்று போன் செய்த அந்தப் பெண்தான் வழி செய்தாள். லீவு நாட்களில் என்னோடு வந்து, ஒவ்வொரு வீட்டிலும் முதலில் தன் கதையைச் சொன்னாள். பிறகு மற்றவர்கள் பேசினார்கள். எந்த நேரத்தில் நடந்தது, யாரைக் கூப்பிட்டார்கள், உதவி வர எவ்வளவு நேரம் ஆனது, எல்லாம் எழுதினேன். ஊர், பேர் மட்டும் எழுதவில்லை. நான்கு மாதத்தில் நோட்டு நிறைந்தது.

மறுபடி விண்ணப்பித்தோம். திருப்பதியில் நேர்காணல். அந்தப் பெண்ணும் என்னோடு வந்தாள். நான் தயார் செய்த பதில்களை எல்லாம் சொன்னேன். அதிகாரி ஒருவர் தெலுங்கில் கேட்டார்: எப்போதோ வரும் ஒரு போனுக்காக வண்டியையும் டிரைவரையும் நாள் முழுக்க சும்மா நிறுத்தி வைக்க வேண்டுமா?

நான் வாய் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். பாதி தெலுங்கு, பாதி தமிழ்.

"மேடம் பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்த நேரத்துலதான் சார் அவரைக் கட்டிப் போட்டாங்க. கயிறு அறுத்த தழும்ப அவரு சட்டைக்கை வச்சி மறைச்சிக்கினு வேலைக்குப் போறாரு. வண்டி சும்மா நின்னா நிக்கட்டும் சார்."



ஒரு வருஷத்துக்கு நிதி கிடைத்தது. வாடகை வண்டி, டிரைவர், போன். இன்னொரு நர்ஸுக்குக் கேட்டதை வெட்டிவிட்டார்கள். போன் எடுக்கும் வேலைக்கு அவளைக் கூப்பிட்டேன். "கம்பெனில பி.எஃப். இருக்குது மேடம்" என்று சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருகிறாள்.

வண்டி வந்த முதல் வாரமே சத்தியவேடு பக்கம் கல்லூரிப் பெண் ஒருத்தியின் வீட்டுக்கு இருபது நிமிஷத்தில் போய்விட்டோம். அவள் இப்போது பரீட்சைக்குப் படிக்கிறாள். நிதி கிடைத்த வருஷம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. இரண்டாவது நோட்டு பாதி ஆகிவிட்டது. அவர்கள் வெட்டிய அந்த இன்னொரு நர்ஸை அடுத்த விண்ணப்பத்திலும் கேட்கத்தான் போகிறேன்.